ஒன்றாம் எண் மறுமொழி தரவில்லை

2017ஆம் ஆண்டு ஐப்பசி. மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்தபின், பங்கு இல்லத்தின் கதவைச் சாத்தப் போனோம். தாழ்வாரத்தில் ஒரு தாய் முந்தானையால் தலையை மூடியபடி நின்றுகொண்டிருந்தார். பாகூர் கொம்யூனின் சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பம் அது. கணவர் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம் பயிரிடுகிறவர். ஒரே மகன் ஐ.டி.ஐ.யில் மின்னணுவியல் படித்து, அருகிலுள்ள ஆலை ஒன்றில் ஒப்பந்த ஊழியனாக இருந்தான். வயது இருபத்து நான்கு.

"சாமி, அவன் ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டா வேலை நிலைக்குமாம். போட மாட்டேங்கறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார் அந்தத் தாய்.

நடந்ததை அவர் சொன்னபடி புரிந்துகொண்டோம். ஆலையில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பித் தொடர்பு கெட்டுவிட்டது. மூன்று வாரமாக இரவில் வேலை தடைப்படுகிறது. கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்து பழுதுபார்த்தவன் இவன். ஆகவே கவனக்குறைவு இவனுடையது. அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் நான்கு நாள் கூலிப் பிடித்தத்தோடு விட்டுவிடுவார்கள். தராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

நாம் செய்ததை மறைக்காமல் எழுதுகிறோம். அந்த இரவே மேசையில் உட்கார்ந்து அவன் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதத்தை வரைந்தோம். பணிவும் தன்மானமும் குறையாத கடிதம் என்று அப்போது நமக்குப்பட்டது. "என் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறேன்" என்று தொடங்கியது. அவன் தவறு செய்தானா என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பது, எழுதி முடித்து மை உலர்ந்தபிறகும் நமக்குத் தோன்றவில்லை. கடைசியாகத் தொட்டவன் அவன்; அது நமக்கும் போதுமான சான்றாக இருந்தது.

மறுநாள் காலை அவன் வந்தான். கடிதத்தைப் படித்தான். மடித்து மேசைமேல் வைத்தான். "செய்யாததுக்கு எப்படி சாமி மன்னிப்புக் கேக்கறது?" என்றான். குரலில் கோபம் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தான். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவன் நமக்குப் பாடம் நடத்தினான். இறையியலில் பல ஆண்டுகள் பாடம் கேட்ட நமக்கு இப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்தது அரிது.

ஆலை என்றால் நம் பெற்றோர் காலத்தில் முதலியார்பேட்டையின் நூற்பாலைகளே. அவற்றுள் பெரியதான ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898இல் தோன்றி 2020இல் மூடப்பட்டது. ஊர்ப்புறங்களின் ஆலைகள் வேறு வகையானவை. வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டிலும், பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் எழுந்தபின், நெல் வயல்களை ஒட்டியே தகரக் கூரைகள் நீண்டன. உள்ளே ஆட்கள் குறைவு, பெட்டிகள் அதிகம். அந்தச் சாம்பல்நிற இரும்புப் பெட்டிகளுக்குள் பி.எல்.சி. என்று தொழிலாளர் சொல்லும் கருவி இருக்கிறது. எந்த வால்வு எப்போது திறக்கவேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்கவேண்டும் என்று நாம் எழுதிவைத்த கட்டளையை இரவுபகலாகத் திரும்பத் திரும்பப் படித்து நிறைவேற்றும் சிறு கணினி அது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஆண்டுதோறும் கார் வடிவம் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைப் பிரித்துக் கட்டிச் சலித்துப்போய், 1968இல் இதற்கு மாற்றுக் கேட்டது. டிக் மார்லி என்பவரும் அவருடைய தோழர்களும் செய்து தந்த கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர். அவர்களுடைய நிறுவனத்தின் 84ஆவது பணி அது என்பதால் அந்த எண்.

பெட்டிகள் தனித்தனியே வேலை செய்தால் போதாது. கொதிகலனில் நீர் எவ்வளவு என்று கலவைத் தொட்டிக்குத் தெரியவேண்டும், தொட்டி நிரம்பியது என்று பொதிகட்டும் இயந்திரத்துக்குத் தெரியவேண்டும். அதற்காக மோடிகான் நிறுவனம் 1979இல் வகுத்த பேச்சு முறைக்கு மோட்பஸ் என்று பெயர். அது வந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. முறுக்கிய இரண்டே கம்பிகள் எல்லாப் பெட்டிகளின் வழியாகவும் போகும். 1200 மீட்டர் வரை இழுக்கலாம். 32 கருவிகளை இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247க்குள் ஓர் எண். கேட்பதற்கு உரிமையுடையது தலைமைப் பெட்டி ஒன்றே. அது எண்ணைச் சொல்லிக் கேட்கும். அந்த எண்ணுக்குரிய பெட்டி மட்டும் பதில் சொல்லும். மற்றவை வாய் திறக்கக் கூடாது. கேட்பவனுக்கு எசமான் என்றும் பதில் சொல்பவனுக்கு அடிமை என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே நெடுங்காலம் வழங்கினார்கள். 2020ஆம் ஆண்டில்தான் மோட்பஸ் அமைப்பு அவற்றைக் கைவிட்டு வேறு சொற்களை ஏற்றது. இயந்திரத்துக்கு வைத்த பெயர்தானே என்று நாற்பது ஆண்டுகள் யாருக்கும் உறுத்தவில்லை போலும்.

அந்தத் தம்பி இதை நமக்கு விளக்கியது வேறு வழியில். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. ஏரியிலிருந்து மதகு வழியாக முறை வைத்து வயல்களுக்குப் போகிறது. "உங்க முறை வந்தா உங்க மடையைத் திறக்கணும். அடுத்தவன் முறையில திறந்தா ரெண்டு வயலுக்கும் ஒழுங்கா தண்ணி போகாது. கம்பியிலயும் அப்படித்தான் சாமி" என்றான்.

ஒரு கேள்விக்கு எட்டு எழுத்துகள். முதல் எழுத்து யாருக்கு என்பதைச் சொல்லும். அடுத்தது என்ன வேண்டும் என்பதை. பிறகு எந்த இடத்திலிருந்து, எத்தனை. கடைசி இரண்டு எழுத்துகள் சரிபார்ப்புக்கு. வழியில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் அந்தக் கணக்கு ஒத்துவராது. பெறுகிற பெட்டி அதை மனத்தில் கொள்ளாமல் விட்டுவிடும். அந்த ஆலையில் வைத்திருந்த வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடி. பதிலுக்குத் தலைமைப் பெட்டி அரை வினாடி காத்திருக்கும். மூன்று முறை கேட்டும் ஒழுங்கான பதில் வராவிட்டால் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றும்: ஒன்றாம் எண் மறுமொழி தரவில்லை.

இயந்திரம் சொல்வது அவ்வளவே. ஒன்றாம் எண் பழுது என்று அது சொல்லவில்லை. பழுதாக்கியவர் யார் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் மனிதர்கள். ஒன்றாம் எண் கொதிகலன் அறையின் பெட்டி. மூன்று வாரத்துக்கு முன் அதன் உள்ளே தூசு துடைத்து, தளர்ந்த திருகுகளை முடுக்கியவன் இந்தத் தம்பி. அந்த வாரத்திலிருந்துதான் மௌனம் தொடங்கியது.

ஆலையினர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதலில் கம்பியை மாற்றினார்கள். அந்தப் பழைய கம்பியை மின்னோட்டம் நிறுத்தி அளந்தபோது 60 ஓம் காட்டியதாகத் தம்பியின் நோட்டில் இருந்தது. இரு கோடியிலும் 120 ஓம் தடை வைத்த கம்பிக்கு வரவேண்டிய அளவே அது. நல்ல கம்பியைத்தான் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். பிறகு ஒன்றாம் பெட்டிக்குள் இருந்த கருவியையே கழற்றிப் புதியது போட்டார்கள். இரவு இரண்டு மணிவரை போராடியும் பதில் வரவில்லை. காலையில் பார்த்தால் கோளாறே இல்லை. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தாராம் மேற்பார்வையாளர். அன்று மாலையே மீண்டும் சிவப்பு எழுத்து. மழை ஈரம் என்றார் ஒருவர். நில இணைப்பு சரியில்லை என்றார் இன்னொருவர். இரண்டு கருவியையும் இவனே தவறாக இணைத்திருக்கிறான் என்பதில்தான் கடைசியில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள்.

நோட்டில் இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. பதினேழு நாள் தொடர்ந்து, மௌனம் தொடங்கிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் அவன் குறித்திருந்தான். மாலை 7.10, 7.05, 7.15, காலை 5.00, 4.55, 5.05. மழை பெய்த நாளும் பெய்யாத நாளும் ஒன்றாகவே இருந்தன. "ஈரத்துக்குக் கடிகாரம் தெரியுமா சாமி?" என்று கேட்டான். மற்றொரு செய்தியைக் கொதிகலன் அறையின் முதிய பணியாளர் சொல்ல, இவன் எழுதிவைத்திருக்கிறான். எப்போதாவது, மௌனத்தின் நடுவே, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒரு பதில் சரியாக வந்து சேருமாம். அப்போது கட்டுப்பாட்டு அறையின் திரை கொதிகலனில் நீர் நூற்றுக்கு எண்பத்திரண்டு என்று காட்டும். கொதிகலனோடு பொருத்திய கண்ணாடிக் குழாயிலோ நீர் பாதிக்கும் கீழே நிற்கும். பெரியவர் இதை மேலே சொன்னபோது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாரும் என்று சிரித்தார்களாம். அவர் துடைத்தார். நீர் அங்கேயேதான் நின்றது. முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடியை நம்பி வாழ்ந்தவர். திரையை நம்பியிருந்தால் நீர் வற்றிய கொதிகலன் என்னவாகும் என்பதை அறிந்தவர்.

"கெட்டுப்போன பெட்டி பேசாம இருக்கலாம், சாமி. ஆனா பொய் சொல்லாது" என்றான் தம்பி. அந்த எண்பத்திரண்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவனுடைய கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு வேண்டும்; யாரும் குறுக்கே நின்று ஏசாத ஓர் இரவு.

நாம் ஆலைக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சாமியார் ஒருவர் மோட்பஸ் பற்றிப் பேச வந்தது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். நமக்குத் தெரிந்த அரைகுறையைக் கொண்டு அவரை ஏமாற்ற முயலவில்லை. ஓர் இரவு கொடுங்கள். விடியும்வரை காரணம் கிடைக்காவிட்டால் கையெழுத்திட்ட கடிதத்தை நாமே கொண்டுவந்து தருகிறோம் என்றோம். தம்பியைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது. நாம் இரண்டாம் முறையாக அவனுக்குச் செய்த தவறு. வெளியே வந்து சொன்னபோது ஒரு கணம் நம்மைப் பார்த்தான். "சரி சாமி" என்றான்.

அன்று மாலை ஆறரைக்கு உள்ளே போனோம். காவலாளி நமக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார். நம்முடைய பங்களிப்பு ஒரு குடுவைத் தேநீரும், அதில் பாதியைக் குடித்ததும்தான். 7.10க்குச் சிவப்பு எழுத்து தோன்றியது. தம்பி மகிழ்ந்ததைப் பார்த்தோம். நோயாளிக்குக் காய்ச்சல் ஏறும் நேரத்தில் மருத்துவர் அருகில் இருப்பது போன்ற மகிழ்ச்சி.

அப்பா வாய்க்காலைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கப்போவதாகச் சொன்னான். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் கடைமடையில் நின்று சண்டையிடுவதில் பயனில்லை. வாய்க்காலின் நடுவுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே நீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லாவிட்டால் மேலே. மொத்தம் பதினொரு பெட்டிகள். ஆறாவதில் கம்பியைக் கழற்றி, அதற்கு அப்பால் இருந்தவற்றைப் பிரித்தான். உடனே ஒன்றாம் எண் பதில் சொல்லத் தொடங்கியது. மீண்டும் இணைத்தான், மௌனம். ஒன்றாம் பெட்டியோ தலைமைப் பெட்டிக்கு அடுத்ததாக இருக்கிறது. கோளாறு அதற்குப் பல பெட்டிகள் தள்ளி, கம்பியின் மறுபாதியில் இருந்தது. மூன்று வாரமாக எல்லோரும் தோண்டிய இடம் வேறு.

ஒன்பதாவதில் பிரித்தான், பதில் வந்தது. பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே பிரித்தான்; அப்போதும் வந்தது. ஆகவே குற்றவாளி பதினொன்று என்று நாம் தீர்ப்பெழுதிவிட்டோம். இந்த வழக்கத்தை விடுவது எளிதன்று. அவன் பதினொன்றாம் கருவியைக் கம்பியிலிருந்து முழுதும் விடுவித்து, கம்பியை மட்டும் நீட்டி விட்டான். மௌனம் நீடித்தது. பதினொன்றும் குற்றமற்றது.

அப்போது மணி ஒன்றைக் கடந்திருக்கும். சற்று நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, முதல் பெட்டிக்குப் போனான். ஒன்றாம் எண்ணின் இரண்டு கம்பிகளையும் திருகாணி தளர்த்தி வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். இப்போது ஒன்றாம் எண் என்ற கருவி அந்தத் தொடர்பிலேயே இல்லை. மடிக்கணினியிலிருந்து அதே எட்டு எழுத்துகளை அனுப்பிக் கேட்டான்: ஒன்றாம் எண்ணே, உன்னிடம் நீர் எவ்வளவு?

பதில் வந்தது. தெளிவாக, ஓர் எழுத்தும் சிதையாமல் வந்தது. எழுபத்தொன்பது.

கொதிகலன் அறையின் பெரியவர் அப்போது அருகில் நின்றார். அவர் சிலுவை வரைந்துகொண்டதைப் பார்த்தோம். நமக்கும் உடல் சிலிர்த்தது. தம்பி மட்டும் திருகாணியை வாயில் கவ்வியபடி சிரித்தான். "இன்னொரு ஒண்ணு இருக்கு சாமி" என்றான்.

டார்ச் விளக்கோடு பதினொன்றாம் பெட்டிக்குப் போனோம். அதன் அடிப்பக்கத்தில், நாம் யாரும் பார்க்காத மூலையில், இன்னொரு சோடிக் கம்பி வெளியே இறங்கிச் சுவரோரக் குழாய்க்குள் போயிற்று. குழாயைத் தொடர்ந்து தூறலில் நடந்தோம். கழிவுநீர் சுத்திகரிக்கும் தொட்டியின் அருகே ஒரு கொட்டகை. உள்ளே புதிய மோட்டார், புதிய பெட்டி. அதன் சிறு திரைமீது ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வெளி ஒப்பந்தக்காரர்கள் வந்து பொருத்திப் போனது. கம்பி அருகில் போகிறதே என்று அதிலேயே இணைத்துவிட்டார்கள். திரையில் அதைக் காட்டும் வேலை பிறகு ஆகட்டும் என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. இரவில் மட்டும் ஓடும் மோட்டார். மாலை ஏழு மணி அளவில் போடுவார்கள், விடியலில் ஐந்துக்கு நிறுத்துவார்கள். அதன் பெட்டியும் அப்போதுதான் விழிக்கும், அப்போதே உறங்கும். தம்பி பொத்தான்களை அழுத்தி உள்ளே பார்த்தான். முகவரி: 1.

இவ்வகைக் கருவிகளில் பல, தயாரிப்பாளரிடமிருந்து ஒன்று என்ற எண்ணோடுதான் வருகின்றன. பொருத்துகிறவர் அதை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால், தலைமைப் பெட்டி ஒன்றை அழைக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள். இரண்டு பேச்சும் ஒரே கம்பியில் மோதிச் சிதையும். சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவராது. தலைமைப் பெட்டி அதை மௌனம் என்று கணக்கிடும். எப்போதாவது ஒருவருடைய பதில் மற்றவர் தொடங்குமுன் முழுதாக வந்துவிட்டால், அதையே உண்மை என்று ஏற்றுக்கொள்ளும். பதிலில் எண்தான் இருக்கிறது, முகம் இல்லை. கழிவுநீர்த் தொட்டியின் நிரம்பலைக் கொதிகலனின் நீர் என்று திரை காட்டியது அப்படித்தான்.

இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பங்குகளில் அந்தோணிசாமிகளும் ஆரோக்கியமேரிகளும் எத்தனை பேர்! ஆகவேதான் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரோடு தந்தை பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் என்று அத்தனையும் எழுதுகிறோம். ஒரு முறை சோம்பலால் தந்தை பெயரைச் சொல்லாமல் திருமண அறிவிப்பு வாசித்து, அதே பெயருடைய வேறொரு பெண்ணின் வீட்டில் அழுகுரல் எழக் காரணமானோம். கொட்டகையில் நின்றபோது அந்த ஞாயிறு நம் மனக்கண்முன் வந்துபோயிற்று.

எண்ணை 12 என்று மாற்றினான். ஓடிப்போய் ஒன்றாம் எண்ணின் கம்பிகளைத் திருப்பி முடுக்கினான். திரையில் சிவப்பு மறைந்தது. மணி 3.20. கண்ணாடிக் குழாயையும் திரையையும் மாறிமாறிப் பார்த்த பெரியவர், "இப்பத்தான் ரெண்டும் ஒண்ணு பேசுது" என்றார்.

இப்படிப்பட்ட கோளாறு நம் ஊரின் சிறு ஆலைக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் தேடிப் படித்து அறிந்தோம். 2006 ஆகஸ்டு 19 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் உலையில், குளிர்நீரைச் சுழற்றும் இரண்டு பம்புகளும் நின்றுபோயின. பணியாளர் உலையைக் கையால் நிறுத்தினார்கள். பம்புகளின் வேகத்தை ஆளும் கருவிகள், கட்டுப்பாட்டு வலையமைப்பில் அளவுக்கு மீறிய செய்திகள் பாய்ந்ததால் செயலிழந்திருந்தன. நீரைத் தூய்மையாக்கும் பகுதியின் பி.எல்.சி. ஒன்றும் அதே வேளையில் செயலிழந்திருந்தது. அந்த பி.எல்.சி. கெட்டு வலையமைப்பை நிரப்பியதா, வேறெங்கிருந்தோ வந்த வெள்ளம் பி.எல்.சி.யையும் சேர்த்து முடக்கியதா என்பதை அறுதியிட முடியவில்லை என்று பதிவு செய்தார்கள். அளவுக்கு மீறிய செய்திகள் இனி அக்கருவிகளை எட்டாதபடி இடையில் தடுப்பு அமைத்தார்கள். அந்த 'முடியவில்லை' என்ற சொல்லை நாம் இரண்டு முறை படித்தோம். அணு உலையை வைத்திருப்பவர்கள் அதை எழுத அஞ்சவில்லை. ஒன்றாம் எண்ணுக்கும் ஓர் இளைஞனுக்கும் மூன்றே வாரத்தில் தீர்ப்பு எழுதிய நம் ஊர் நினைவுக்கு வந்தது. நம் மேசைமேல் கிடந்த கடிதமும் நினைவுக்கு வந்தது.

விடிந்ததும் மேலாளர் வந்தார். கேட்டார், கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார், தம்பியின் தோளைத் தட்டினார். மன்னிப்புக் கடிதம் இனி வேண்டாம் என்றார். பிடித்த நான்கு நாள் கூலியைப் பற்றிக் கேட்டோம். அந்த மாதக் கணக்கு முடிந்து போய்விட்டது என்றார். மறு மாதமும் கேட்டோம். அது வரவேயில்லை. வெளி ஒப்பந்தக்காரர்களிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்டதாகவும் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. எண்ணை மாற்ற மறந்தவனும் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாயின் மகன்தான். ஆனால் பெரியவர் விடவில்லை. சுண்ணாம்பு வெள்ளையில் பன்னிரண்டு பெட்டிகளின் கதவிலும் எண்ணைப் பெரிதாக எழுதவைத்த பிறகுதான் ஓய்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். கடிதம் எழுதியதற்கும், கேட்காமல் வாக்குக் கொடுத்ததற்கும். அவன் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தான். "நீங்க எழுதுன கடுதாசி நல்லாத்தான் இருந்துச்சு சாமி. ஒரு எழுத்துப்பிழை இல்ல" என்றான். இன்றுவரை அது பாராட்டா, வேறொன்றா என்று நமக்குத் தெளிவில்லை.

2019இல் அவன் ஒரகடத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவான். சென்ற மாதம் பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டியபோது, இரண்டு தாள்களுக்கு நடுவே அந்த மன்னிப்புக் கடிதம் கிடைத்தது. அதன் பின்புறத்தில், அந்தக் காலையில் நமக்கு விளக்குவதற்காக அவன் பென்சிலால் வரைந்த படம் இருந்தது: ஒரு நீண்ட கோடு, அதில் தொங்கும் பதினொரு சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பதினொன்றாம் கட்டத்தோடு கோட்டை நிறுத்தாமல், தாளின் ஓரம்வரை கொஞ்சம் நீட்டி விட்டிருந்தான்.